டைப் அடித்த தாள்

ஜனவரி 10, மயூர் விகார், டெல்லி

பனி விலகவே இல்லை. ஊரிலிருந்து வந்திருக்கும் சித்தப்பாவோடு ‘இன் தி நேம் ஆஃப் தி ஃபாதர்’ பார்த்தேன். ஜிம் ஷெரிடன் 1993இல் எடுத்த படம். 1974இல் இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டில் குண்டு வெடிக்கிறது. பெல்ஃபாஸ்ட் இளைஞன் ஜெரி கான்லனைப் போலீஸார் அடித்து மிரட்டி, குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். மகனுக்கு வக்கீல் பிடிக்க லண்டன் வந்த அப்பா ஜுசெப்பேயையும் உள்ளே தள்ளிவிடுகிறார்கள்.

ஜுசெப்பே இறந்த இரவு, கைதிகள் காகிதத்தைக் கொளுத்தி ஜன்னல் வழியாகப் போடும் காட்சியில் சித்தப்பா படத்தை நிறுத்தச் சொன்னார். தமிழ்நாடு சிறப்புக் காவல் படையில் இருந்தபோது திஹார் ஜெயிலில் டியூட்டி பார்த்தவர்.

“முலாகாத், அதான் கைதிகளப் பார்க்க வர்றவங்க வரிசையில நிக்கற அப்பாக்களப் பார்த்திருக்கேம்மா. பையன் தப்பு செஞ்சானான்னு கேக்க மாட்டாங்க. சாப்பிட்டானான்னுதான் கேப்பாங்க.”

ஜனவரி 11

அப்பாவும் மகனும் ஒரே செல்லில் இருந்ததாகக் காட்டுவது கற்பனை. அதை ஏற்றுக்கொள்கிறேன், படத்தின் உயிரே அதுதான். ஜுசெப்பே 1980இல் கைதியாகவே இறந்தது நிஜம். அவர் மீதான தீர்ப்பு ரத்தானது 1991இல்.

ஜனவரி 13

கோர்ட்டில் ஸ்டெனோ வேலை பார்ப்பவளுக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. படத்தில் மறைக்கப்பட்ட ஒரு சாட்சி வாக்குமூலம்தான் வழக்கைத் திருப்புகிறது. நிஜத்தில் பெரிதாக உதவியது, கூட மாட்டிய பேட்ரிக் ஆம்ஸ்ட்ராங்கின் விசாரணைக் குறிப்பு. விசாரணையின்போதே கைப்பட எழுதியது என்று போலீஸ் அதைக் காட்டியிருந்தது. ஆனால் டைப் அடித்து, பேனாவால் அடித்துத் திருத்திய தாள்கள் போலீஸ் கோப்பிலேயே கிடைத்தன. கையெழுத்துப் பிரதி அந்தத் திருத்தங்களோடு அப்படியே ஒத்துப்போனது. திருத்தம் முந்தியதா, எழுத்து முந்தியதா? அந்தக் கேள்வியில் வழக்கு நொறுங்கி, 1989 அக்டோபர் 19 அன்று ஜெரி, பேட்ரிக் உட்பட நால்வர் மீதான தீர்ப்பும் ரத்தானது. அந்தக் குறிப்பை ஜோடித்ததாக வழக்கு போடப்பட்ட மூன்று போலீஸ்காரர்களும் 1993இல் விடுதலை ஆகிவிட்டார்கள். எனக்கு ஆறவே இல்லை. அந்தத் தாளை ஒரு நிமிடமாவது திரையில் காட்டியிருக்க வேண்டும்.

ஜனவரி 16

2022 கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். முதல் முறை மாட்டியவர் அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால் ஜாமீனில் விட வேண்டும் என்கிறது 2024 ஜூலையில் அமலான புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் (பி.என்.எஸ்.எஸ்.) 479ஆவது பிரிவு. ஆயுள், மரண தண்டனைக் குற்றங்களுக்கு இது கிடையாது. சிறைக் கண்காணிப்பாளரே கோர்ட்டுக்கு எழுத வேண்டும். இன்று உத்தரவு டைப் அடிக்கும்போது, கைதான தேதியைக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அடுத்த வரிக்குப் போனேன்.