கலாபகோஸின் டார்வின், வுல்ஃப் தீவுகள்: டைவ் குறிப்புகள்

ஆகஸ்ட் 9, பால்ட்ரா தீவு அருகே
சோதனை டைவ். பார்க்க வேண்டியது எடை (மூழ்குவதற்காகக் கட்டும் ஈயம்) ஒன்றுதான். 11 லிட்டர் அலுமினிய சிலிண்டர் 200 பாரிலிருந்து (பார் என்பது அழுத்த அலகு) 50 பாருக்கு இறங்குவதற்குள் ஏறத்தாழ 2 கிலோ காற்று போய்விடும். அதனால் நிறைந்த சிலிண்டரோடு எடை சரியாக இருக்கிறது என்று நம்பக்கூடாது. 50 பார் மிச்சம் இருக்கையில், பிசிடியில் (காற்றடைத்து மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) காற்றில்லாமல் 5 மீட்டரில் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். புது 7 மி.மீ. வெட்சூட் (குளிர் தாங்கும் ரப்பர் உடை) என்றால் கூடுதலாக மிதக்கும்.

ஆகஸ்ட் 10, வுல்ஃப்
கப்பல் இரவெல்லாம் ஓடி விடியலில் வந்தாயிற்று. ரப்பர் படகிலிருந்து பின்பக்கமாகச் சாயும்போது பிசிடி காலியாக இருக்க வேண்டும். காற்றடைத்துக்கொண்டு மேலே மிதந்தால், கீழே போவதற்குள் நீரோட்டம் பாறையைத் தாண்டி இழுத்துப் போய்விடும். பாறை முழுக்கக் கொட்டலசு (ஒட்டிக்கிடக்கும் கூரான ஓட்டு உயிர்). மெல்லிய கையுறை ஒரே நாளில் கிழியும்.

சுத்தியல் தலைச் சுறாவை (நம் மீனவர்களுக்குக் கொம்பன்) துரத்திப் பார்த்தவர்கள் வாலைத்தான் பார்த்திருப்பார்கள். அவை பாறையோரம் வருவது, வண்ணத்துப்பூச்சி மீன்கள் ஒட்டுண்ணிகளைக் கொத்தி எடுப்பதற்காக. குமிழிச் சத்தம் கேட்டால் விலகும். பாறையைப் பிடித்து, தாழ்ந்து, மெதுவாக மூச்சு விடுங்கள். மூச்சை அடக்க வேண்டாம். அது நுரையீரலுக்கு ஆபத்து.

ஆகஸ்ட் 11, டார்வின்
புகழ்பெற்ற பாறை வளைவு 2021 மே 17 அன்று இடிந்தது. இரண்டு தூண்கள் மட்டும் நிற்கின்றன. டைவ் அதனடியில் இன்றும் அதேதான். ஜூன் முதல் நவம்பர் வரை திமிங்கலச் சுறா வரும். பெரும்பாலும் வயிறு புடைத்த பெரிய பெண் சுறாக்கள், 10 மீட்டருக்கு மேல் நீளம்.

தவறு நடப்பதும் இங்கேதான். சுறா மெல்லப் போவதுபோலத் தெரியும், ஆனால் கூடவே நீந்த முடியாது. கண் அதன்மேல் இருக்க, ஆழம் கூடுவது தெரியாது. நைட்ராக்ஸ் 32-க்கு (32% ஆக்சிஜன் உள்ள காற்று) ஆக்சிஜன் அழுத்தத்தின் 1.4 பார் எல்லை 33 மீட்டர் ஆழம். ஆழம் காட்டும் டைவ் கம்ப்யூட்டரைப் பாருங்கள். வாலுக்குப் பின்னால் போகாதீர்கள். குமிழிகள் கீழ்நோக்கிப் போனால் அது இறங்கு நீரோட்டம்: சுறாவை விட்டுவிட்டு, பாறையைப் பிடித்துப் பக்கவாட்டில் நகருங்கள்.

பாறையை விட்டுத் திறந்த கடல் நீலத்தில் ஒதுங்கிவிட்டால் 5 மீட்டரில் 3 நிமிடம் நின்று, மிதவைக் குழாயை அங்கிருந்தே மேலே அனுப்புங்கள். அலை உயரமாக இருக்கும்போது படகோட்டிக்குத் தலை தெரியாது, ஆரஞ்சுக் குழாய்தான் தெரியும். விசிலும் சைகைக் கண்ணாடியும் பையில் இருக்கட்டும்.

ஆகஸ்ட் 13
திரும்பும் வழி. பல நாள் டைவுக்குப் பின் விமானம் ஏற 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். 24 வைப்பது நல்லது. மூட்டில் வலி வந்தால் (அழுத்தம் குறைவதால் வரும் டைவ் நோயாக இருக்கலாம்) "தூங்கினால் போய்விடும்" என்று இருக்காமல் உடனே ஆக்சிஜன் கேளுங்கள். அதற்குச் சிகிச்சை தரும் அழுத்த அறை சாண்டா குரூஸ் தீவில். டார்வினிலிருந்து ஓர் இரவுப் பயணத்துக்கும் மேல்.