அளவு நோட்டும் சேர்ந்துதான் கைமாறியது

12 வருடமாக நான் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிற கடை போன மாதம் கைமாறியது. கல்யாண கவுன், கோட்டு சூட்டு, விழாவுக்குப் போடுகிற நீள உடுப்புகள், இதுதான் எங்கள் வேலை. கடையை நடத்திய அக்காவுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. கவுனின் அடி ஓரத்தைச் சுற்றி மண்டியிட்டபடியே குண்டூசி குத்திக்கொண்டு வர வேண்டும். ஒரு டிரயலுக்கு அரை மணி நேரமாவது ஆகும். இத்தனை காலம் தாங்கியதே பெரிது.

வாங்கியவர் துணி வியாபாரத்தில் இருந்தவர். கணக்கில் கெட்டி. தையல் தெரியாது, அதை மறைக்கவும் இல்லை. எனக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

இரண்டு நாள் ஸ்டாக் எண்ணினார்கள். மெஷின்கள், ஸ்டீம் அயர்ன், ஆளுயர பொம்மைகள், லைனிங் துணி, ஜிப் பெட்டி எல்லாம் பட்டியலில் ஏறின. சாம்பிள் கவுன்களில்தான் கொஞ்சம் இழுபறி. பத்துப் பேர் போட்டுப் பார்த்த கவுனுக்கு அடி ஓரம் கறுத்திருக்கும், ஜிப் தளர்ந்திருக்கும், மணி உதிர்ந்திருக்கும். அதைப் புதுசு என்று கணக்கில் எழுத முடியாது. பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். சரி, அது அவர்கள் விஷயம்.

என் கவலை முழுக்க அட்வான்ஸ் வாங்கியிருந்த 11 உடுப்புகள் மேல்தான் இருந்தது. பணம் பழைய முதலாளி கையில், உடுப்பை முடித்துக் கொடுக்க வேண்டியது புது முதலாளி. உடுப்பு போய்ச் சேருகிற வரைக்கும் அந்த அட்வான்ஸ் கடைக்குக் கடன்தான். அக்கா தானாகவே ரசீதுகளை மேசையில் பரப்பி, அந்தத் தொகையை விற்பனை விலையில் கழித்துக்கொள்ளச் சொன்னார். ஒவ்வொரு ரசீதின் பின்னாலும் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் அந்த 11 பேருக்கும் அக்காவே போன் செய்து, "கடை மாறுது, உங்க துணி மாறாது, தைக்கிற கையும் அதேதான்" என்று சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். தொண்டை அடைத்தது.

பட்டியலில் வராத ஒன்று இருந்தது: அளவு நோட்டு. நீல அட்டை, முதுகில் டேப் ஒட்டியது, மூலைகள் தேய்ந்து பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. புது முதலாளி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திடலாம் அக்கா" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் அவர் ஏற்றிக் காட்டிய முதல் பக்கத்தைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது.

எங்கள் நோட்டில் மார்பு 36 என்று இருக்கும், அதைச் சுற்றி ஒரு வட்டம் இருக்கும். வட்டம் போட்டால் அது டேப்பில் வந்த உடம்பளவு. வட்டம் இல்லையென்றால் மூச்சு விட, உட்கார, கை தூக்க வேண்டிய தாராளத்தையும் கூட்டி எழுதிய தையல் அளவு. வட்டத்தைக் கவனிக்காமல் உடம்பளவுக்கே வெட்டினால், போட்டுக்கொண்டு உட்காரக்கூட முடியாது. அவர் எண்ணை மட்டும் ஏற்றியிருந்தார். "வ.தோ.தா. ¼" என்பதை விட்டுவிட்டார். வலது தோள் கால் இஞ்ச் தாழ்வு. தினமும் ஒரே தோளில் பை மாட்டுகிறவர்களிடம் இதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதைச் சரிகட்டாமல் கோட்டு தைத்தால் காலருக்குக் கீழே ஒரு மடிப்பு விழும். எத்தனை அயர்ன் போட்டாலும் போகாது.

கடை சாத்திய பிறகு மூன்று சாயங்காலம் உட்கார்ந்தோம். நான் வாசித்தேன், அவர் ஏற்றினார். ஒரு பெண்ணின் பக்கத்தில் இடுப்பளவு மூன்று முறை அடித்து எழுதப்பட்டிருந்தது. "எது சரி?" என்றார். மூன்றும் சரி. ஆர்டர் கொடுத்தபோது ஒன்று, முதல் டிரயலில் ஒன்று, இரண்டாவது டிரயலில் ஒன்று. கல்யாணம் நெருங்க நெருங்க உடம்பு மாறும். அதனால்தான் கவுனின் பக்கத் தையலில் ஒரு இஞ்சாவது உள்ளே துணி விட்டுத் தைக்கிறோம். உடுப்பைப் பிடித்துச் சின்னதாக்குவது எளிது. தையலைப் பிரித்துப் பெரிதாக்கும்போதுதான் கை நடுங்கும். சாட்டினில் பழைய தையலின் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரியும், ஆவி காட்டினாலும் முழுசாக மறையாது. முதல் டிரயலில் அவசரப்பட்டு நிரந்தரத் தையல் போடாமல் நூலோட்டி வைப்பது இதற்காகத்தான். இதைச் சொன்னபோது அவர் டைப் செய்வதை நிறுத்திவிட்டு, துணியை வெளிச்சத்தில் பிடித்து அந்தத் துளைகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

நீங்கள் உடுப்புக்குப் பணம் கட்டியிருக்கிற கடை கைமாறுகிறது என்று கேள்விப்பட்டால், பயந்து ஆர்டரை ரத்து செய்ய வேண்டாம். போய்ப் பாருங்கள். யார் முடித்துக் கொடுப்பார்கள், எந்தத் தேதிக்குள், கட்டிய பணம் யார் கணக்கில் இருக்கிறது என்று கேட்டு எழுதி வாங்குங்கள். துணியை அல்லது உடுப்பைக் கண்ணால் பார்த்துவிடுங்கள். தைக்கிறவர் அங்கேயே இருக்கிறாரா என்று கட்டாயம் கேளுங்கள். இல்லையென்றால் அளவை மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். ஒருவர் டேப்பை இழுத்துப் பிடிப்பார், இன்னொருவர் தளர்த்திப் பிடிப்பார். அரை இஞ்ச் சுலபமாக மாறிவிடும்.

போர்டு மாற்றப் போகிறார்கள், முன்பக்கக் கண்ணாடியும் பெரிதாகிறதாம். மாற்றட்டும். டிரயல் அறையின் விளக்கை மட்டும் மாற்ற வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். அந்த வெளிச்சத்தில்தான் வெள்ளைக்கும் தந்த நிறத்துக்கும் வித்தியாசம் சரியாகத் தெரிகிறது. ஒப்புக்கொண்டார்.

11 உடுப்பில் 7 போய்ச் சேர்ந்துவிட்டது. அந்த மூன்று இடுப்பளவுப் பெண்ணுக்கு வியாழக்கிழமை கடைசி டிரயல். கல்யாணத்தன்று போடப்போகிற அதே செருப்போடு வரச் சொல்லியிருக்கிறேன், அடி ஓரம் அதை வைத்துத்தான் மடிக்க வேண்டும். குண்டூசி டப்பாவைப் பிடித்துக்கொண்டு தானும் பக்கத்தில் உட்காருவதாகப் புது முதலாளி சொல்லியிருக்கிறார்.