நொட்டாங்கைத் தாத்தா

நம் பள்ளி முன்னாள் மாணவர் மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நம் செயலாளர் மூன்று மாதமாக மஸ்கட்டுக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறார். வகுப்பறைக் கதைகளை மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். எனக்கு நினைவிருப்பது மைதானமும், சந்தூர் மாங்கன்றுப் பண்ணையும்தான்.

1993. கிருஷ்ணகிரி அப்போது தருமபுரி மாவட்டத்தில் இருந்தது. சுதந்திர தின மாஸ் டிரில்லுக்குப் பயிற்சி. முதல் நாள் பி.டி. சார் எங்களைப் பார்த்து நின்று வலது கையைத் தூக்கினார். பாதிப் பேர் வலது, பாதிப் பேர் இடது. பக்கத்தில் நின்றவன் முழங்கை என் மூக்கில். மறுநாளிலிருந்து சார் முதுகைக் காட்டி நின்றே செய்து காட்டினார். கைகள் ஒழுங்காகிவிட்டன. எங்கள் சேட்டை அவர் கண்ணில் படாது என்பது தனி லாபம்.

அந்த ஆடியில்தான் சனிக்கிழமை தோறும் என் பெஞ்சுக்காரனோடு சந்தூருக்கு பஸ் ஏறினேன். அவன் தாத்தா ஒட்டுக் கட்டுபவர், அதாவது மாங்கன்றின் மேல் நல்ல ரகத் தாய்மரத்தின் குச்சியைப் பொருத்தி ஒன்றாக வளர வைப்பவர். கொட்டை போட்டு முளைத்த செடியின் தலையை வெட்டி, நடுத்தண்டை இரண்டு விரற்கடைக்குப் பிளப்பார். தாய்மரக் குச்சியில் ஒரு வாரம், பத்து நாள் முன்பே இலையைக் கிள்ளிக் காம்பை மட்டும் விட்டிருப்பார்கள். காம்பு தானாக உதிர்ந்து மொட்டு பருத்தால் குச்சி தயார். அதன் அடியை இருபுறமும் ஆப்பு போலச் சீவிப் பிளவில் செருகி, பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிச் சுற்றுவார். பட்டைக்கு அடியில் இருக்கும் பச்சை ஒரு பக்கமாவது ஒன்றோடொன்று தொட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டுப் பிடிக்காது.

இப்படி வரிசையாக அவர் சொன்னதே இல்லை. "உக்காந்து பாரு கண்ணு", அவ்வளவுதான். எதிரே உட்கார்ந்து கத்தியையே பார்த்தேன். அடுத்த வாரம் தெம்பாக இருபது கன்றுக்கு செந்தூரா ரக மா ஒட்டுக் கட்டினேன். பதினேழு காய்ந்துபோயின.

தாத்தா சிரித்தார். "கத்தியவா பாத்துக்கிட்டிருந்த? இந்தக் கையப் பாரு."

பார்த்தேன். கத்தி கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. குச்சியைப் பிடித்த கைதான் பின்னால் போனது, ஒரே இழுப்பு. நானோ பென்சில் சீவுவது போலக் கொத்திக் கொத்தி, மேடும் பள்ளமுமாக்கியிருந்தேன். மேடு பள்ளத்தில் எந்தப் பச்சை எதைத் தொடும்?

அப்போதுதான் இன்னொன்றும் கண்ணில் பட்டது. தாத்தா நொட்டாங்கைக்காரர். எதிரே இருந்த எனக்கு அது கண்ணாடியில் என் சோத்தாங்கையைப் பார்ப்பது போலிருந்தது. அவர் திரும்பி உட்கார வேண்டிய தேவையே இல்லை! பேரன் கதை வேறு. சின்ன வயதிலிருந்து தாத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே பழகியதால், அவன் எழுதுவது சோத்தாங்கை, ஒட்டுக் கட்டுவது நொட்டாங்கை. (1990களில் இத்தாலியின் பார்மாவில், குரங்கு தான் ஒன்றைப் பிடிக்கும்போதும் இன்னொருவர் பிடிப்பதைப் பார்க்கும்போதும் அதன் மூளையில் ஒரே நரம்பணுக்கள் வேலை செய்வதைக் கண்டு, அவற்றுக்குக் கண்ணாடி நியூரான் என்று பெயர் வைத்தார்கள். பிறகு படித்தபோது எனக்குச் சந்தூர்தான் ஞாபகம் வந்தது.)

இரண்டாம் தடவை கட்டிய இருபதில் பதினாலு தளிர்விட்டன. அதில் ஒன்று எங்கள் வீட்டுக் கொல்லையில் இன்றும் காய்க்கிறது.

போன வருஷம் லீவில் சந்தூர் போனேன். தாத்தா இல்லை. பண்ணை நிழலில் பெஞ்சுக்காரன் நொட்டாங்கையில் குச்சி சீவிக்கொண்டிருந்தான். எதிரே அவன் மகள், சோத்தாங்கையில்.