காவல் கொட்டிலில் ஜாவா 25

எங்கள் வீட்டுக்குள் சிக்னல் வராது என்பது தெரிந்த கதை. இரவு டேட்டாவோ நள்ளிரவு தாண்டித்தான் தொடங்கும். ஜாவா என்ற நிரல்மொழியில் எழுதத் தேவையான மேம்பாட்டுக் கருவித்தொகுப்பு சுமார் 200 எம்பி. அதைப் பகல் டேட்டாவில் இறக்க நான் என்ன கனடா மாமாவா? ஆகவே நேற்றிரவு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு அப்பாவுடன் வயற்காவலுக்குப் போனேன். வாய்க்கால் கரையில் எதிர்ப்பட்ட எல்லோரிடமும் "தம்பியும் காவலுக்கு வருகிறான்" என்று அப்பா அறிவித்தபடியே நடந்தார். என் பைக்குள் இருப்பது யானை வெடி என்றுதான் ஊர் நம்பியிருக்கும்.

கைபேசியைச் சொப்பிங் பையில் போட்டுக் கொட்டில் கம்பில் கட்டினேன். பனி அந்தப் பையில் முத்துமுத்தாகப் படிந்தது. அம்மா தந்த தேத்தண்ணீரும் பனங்கட்டியும் முடிந்தன, பதிவிறக்கம் முடியவில்லை. அப்பா டோர்ச்சை யானை வரும் பக்கம் அடிப்பதை விட்டுவிட்டு என் திரையில் அடிக்கத் தொடங்கினார்.

"இதை முன்னமே இறக்கிவிட்டாய்தானே?"

வருடத்துக்கு இரண்டு பதிப்பு, மார்ச்சில் ஒன்று, செப்டம்பரில் ஒன்று என்றேன்.

"காலபோகம், சிறுபோகம்."

ஓம், ஆனால் நெடுங்காலம் பராமரிப்பார்கள் என்று நம்பக்கூடியது இப்போது இரண்டு வருடத்துக்கு ஒன்றுதான் என்றேன். 17 வந்தது 2021 செப்டம்பரில், 21 வந்தது 2023இல், 25 வந்தது 2025இல்.

"அப்படியென்றால் இடையில் வருவதை எதற்கு விதைக்கிறார்கள்?" என்றவர், பதிலுக்குக் காத்திராமல் 2021இல் இறங்கிவிட்டார். யூரியா இல்லாத வருடம். இலங்கை முழுவதற்கும் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள், சேதனப் பசளை போடு என்றார்கள், நவம்பரில் தடையை எடுத்தார்கள், எடுத்து என்ன, பசளை எங்கே? மஞ்சளாகிப்போன பயிரின் ஒவ்வொரு வரம்பையும் அவர் நடந்து முடிப்பதற்குள் 25 இறங்கி, நிறுவியும் ஆயிற்று.

பதிப்பு என்னவென்று கணினியிடம் கேட்டேன். 17 என்றது.

புதியது வந்தால் பழையது எழுந்து போகும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இரண்டும் ஒரே வளவில் இருக்கும், கணினி நிரல்களைத் தேடிப்போகும் பாதைப் பட்டியலில் எது முன்னால் நிற்கிறதோ அதுவே பேசும். பட்டியலை மாற்றினேன். மறுபடியும் 17. முன்பே திறந்திருந்த கட்டளைச் சாளரத்துக்குப் புதிய பாதை தெரியாதாம். அதை மூடிவிட்டு வேறொன்றைத் திறக்க வேண்டும். திறந்தேன். 25! அப்பா கைதட்டினார். பக்கத்து வயல்காரர் யானை என்று நினைத்து வெடியைக் கொளுத்திவிட்டார்.

கொண்டாட்டம் அவ்வளவுதான். வேலைத்திட்டத்தை ஓட்டினால், "69 எனக்குப் புரியாது" என்று, நிரலைக் கட்டித்தரும் கருவியான கிரேடில் மறுத்தது. பதிப்பெண்ணோடு 44ஐக் கூட்டித்தான் உள்ளே எழுதுவார்கள் என்றதும் அப்பா சந்தோஷமாகிவிட்டார். பசளை மானியப் படிவம் நிரப்பியவருக்கு இதிலெல்லாம் வியப்பு வராது. கூட்டாளி கிடைத்த மகிழ்ச்சி மட்டும்தான்.

இனிப் புதிய கிரேடிலையும் இறக்க வேண்டும். அதற்குள் மடிக்கணினியின் பற்றரி போய்விட்டது.

விடிந்து வீட்டுக்கு வந்தால், படலையிலேயே அம்மா, "இரவு முழுக்க இரண்டு பேரும் என்ன செய்தீர்கள்?" என்றார்.

"யானையும் வரவில்லை," என்றார் அப்பா, "இவனுடையதும் சரிவரவில்லை."