“எழுத்துல தந்தவரா?”

வெள்ள நிவாரணம் கொடுத்த அந்த நாளைப் பற்றி அலுவலகத்தில் எத்தனையோ தரம் கதைத்தாயிற்று. கதைக்கும்போதெல்லாம் ஆட்கள், நாங்கள் நானா என்று கூப்பிடும் எங்கள் அலுவலகத்து பியோனைப் புகழ்வார்கள். பிறகு தேத்தண்ணி வரும், கதை மாறும். எனக்கு மட்டும் அது இன்னும் முடியவில்லை.

வெருகல் பக்கம் மகாவலி ஆறு பெருகினால் என்ன நடக்கும் என்று திருகோணமலையில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. விதானையார் (கிராம அலுவலர்) தந்த பட்டியலைப் பார்த்து நான் பெயர் வாசிக்க, நானா உலர் உணவுப் பொதியை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். பட்டியலில் பெயர் இல்லாத சில குடும்பங்களும் வரிசையில் நின்றன. 2006இல் யுத்தத்தால் மூதூர் கிழக்கிலிருந்து இடம்பெயர்ந்து, முகாம் முகாமாக இருந்து, கடைசியில் உறவுக்காரர் காணியில் கொட்டில் போட்டவர்கள். பதிவு இன்னும் வேறு பிரிவில் கிடந்தது.

மேலதிகாரிக்கு ரெலிபோன் எடுத்தேன். “பதிவில்லாத ஆக்களுக்குக் குடுக்க வேணாம். நாளைக்கு ஓடிட் வந்தா நீங்கதான் பதில் சொல்லோணும்” என்றார். “சரி சேர்” என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட எடுக்கவில்லை. எதிரே கைக்குழந்தையோடு நின்ற பெண், நான் வாய் திறக்கும் முன்பே என் முகத்தைப் பார்த்து விளங்கிக்கொண்டாள். கையிலிருந்த வெறும் உரப்பையை நான்காக மடித்துக் கக்கத்தில் வைத்தாள். ஏன் என்று அவளும் கேட்கவில்லை.

அப்போதுதான் நானா கேட்டார்: “மிஸ், சேர் இத எழுத்துல தந்தவரா?”

சண்டைக்கு நிற்கிற குரல் இல்லை. இன்னும் எத்தனை பொதி கிடக்கிறது என்று கேட்கிற அதே குரல். நான் திரும்பவும் ரெலிபோன் எடுத்து, “சேர், இத ஒரு மெசேஜா அனுப்பிவிடுங்கோ, ஃபைல்ல போட வேணும்” என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, “அங்க நிக்கிறது நீங்கதானே. நிலைமையப் பார்த்துச் செய்யுங்கோ” என்றார். தனிப் பட்டியல் எழுதி, கையெழுத்து வாங்கி, அவர்களுக்கும் கொடுத்தோம்.

நடந்தது இவ்வளவுதான். முதல் அழைப்புக்கும் இரண்டாவது அழைப்புக்கும் இடையில் ஐந்து நிமிடம்கூட இருக்காது. சட்டம் மாறவில்லை, சுற்றறிக்கை மாறவில்லை, அந்த மனிதரும் மாறவில்லை. எழுத்தில் தரச் சொன்னதும் அந்த உத்தரவே இல்லாமல் போய்விட்டது. அப்படியென்றால் முதலில் நான் எதற்குக் கீழ்ப்படிந்தேன்?

அதற்குப் பிறகுதான் இதைப் பற்றித் தேடி வாசித்தேன். 1961இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஸ்டான்லி மில்கிராம் தொடங்கிய கீழ்ப்படிதல் பரிசோதனை பலருக்குத் தெரிந்திருக்கும். அடுத்த அறையில் இருப்பவர் பிழையான விடை சொன்னால் மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு பிழைக்கும் 15 வோல்ட் கூட்ட வேண்டும். அதிர்ச்சி உண்மையில் இல்லை, ஆனால் கொடுப்பவருக்கு அது தெரியாது. 40 பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள். எல்லோரும் சொல்லிக் காட்டுவது இந்தக் கணக்கைத்தான். என்னைப் பிடித்து நிறுத்தியது அதன் இன்னொரு வடிவம். பரிசோதகர் அறையை விட்டுப் போய்த் தொலைபேசியில் உத்தரவு கொடுத்தபோது கடைசி வரை போனவர்கள் ஐந்தில் ஒரு பங்குதான். சிலர் “கூட்டிவிட்டேன்” என்று பொய் சொல்லிக்கொண்டு ஆகக் குறைந்த அதிர்ச்சியையே கொடுத்தார்களாம்.

எங்கள் அலுவலக வாழ்க்கையில் இது தலைகீழ். கடிதத்தில் வருவதற்கு விளக்கம் கேட்டுப் பதில் கடிதம் போடுவோம், கிழமைக்கணக்கில் இழுப்போம். ரெலிபோனில் வருவதை உடனே செய்வோம். ஹோஃப்ளிங் என்ற மனநல மருத்துவரின் குழு 1966இல் வெளியிட்ட ஆய்வு எங்களுக்குக் கிட்ட வருகிறது. முன்பின் தெரியாத ஒரு டொக்டர் இரவில் வார்ட்டுக்குத் தொலைபேசி எடுத்து, ஒரு மருந்தில் 20 மில்லிகிராம் கொடுக்கச் சொல்கிறார். ஒரு நாளைக்கு 10க்கு மேல் கூடாது என்று மருந்து லேபிளிலேயே எழுதியிருக்கிறது. தொலைபேசி உத்தரவில் மருந்து கொடுக்கக் கூடாது என்பது வைத்தியசாலை விதி. இருந்தும் 22 தாதியரில் 21 பேர் கொடுக்கப் போனார்கள், இடையில் ஆய்வுக் குழு தடுத்து நிறுத்தியது.

மில்கிராமிடம் வந்தவர்கள் ஒரு மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்விடுவார்கள். தாதி நாளைக்கும் அதே வார்ட்டுக்கு வர வேண்டும். எனக்கும் அப்படித்தான். லீவுக்குக் கையெழுத்து, சம்பள ஏற்றத்துக்குச் சிபாரிசு, இடமாற்றம் எல்லாம் அந்த ஒரு மேசையில் இருக்கிறது. பயம் என்று சொன்னாலும் பிழை. அந்த நேரத்தில் இதில் எதையும் நான் நினைக்கவில்லை. யோசிக்காமலே வந்த “சரி சேர்” அது. அதுதான் உறுத்துகிறது.

ஆனால் கீழ்ப்படிவதை ஒரேயடியாகக் குறை சொல்லவும் எனக்கு மனமில்லை. வெள்ள நேரத்தில் படகை எங்கே விடுவது, எந்த மண்டபத்தைத் திறப்பது என்று ஆளுக்கு ஆள் விவாதித்தால் சனம் தண்ணீரில்தான் நிற்கும். பதிவு பார்த்துக் கொடுக்கச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ஒரே குடும்பம் இரண்டு பிரிவில் எடுப்பது நடக்கிற காரியம். அன்றைக்கும் கடைசியில் பொதி தட்டுப்பட்டது. மிச்சத்தைப் பிரித்துக் கட்டினோம். “பட்டியல்ல பேர் இருக்கிற எனக்கு ஏன் பிள்ள பாதி?” என்று ஒரு பெரியவர் கேட்டார். அவருக்கு நான் என்ன சொல்ல? மேலதிகாரியின் தீர்மானம் சரியாகவே இருந்திருக்கலாம். சரியென்றால் அவர் அதை எழுதித் தந்திருக்கலாம் என்று என் மனம் உடனே பதில் சொல்கிறது. அவருக்கும் மேலே ஒருவர் ரெலிபோனில்தான் சொல்லியிருப்பாரோ என்றும் யோசிக்கிறேன்.

1977இல் வேறு இருவர் அந்தத் தாதியர் ஆய்வைக் கொஞ்சம் மாற்றிச் செய்து பார்த்தார்கள். இந்த முறை மருந்து, தாதியருக்குத் தெரிந்த, பதற்றம் தணிக்கும் வேலியம். பக்கத்தில் நிற்பவர்களோடு கதைக்கவும் தடையில்லை. 18 பேரில் 16 பேர் கொடுக்கவில்லை. மில்கிராம் பரிசோதனையின் வேறொரு வடிவத்திலும், கூட இருந்த இருவர் முடியாது என்று எழும்பியபோது கடைசி வரை போனவர்கள் 40க்கு 4 பேர்தான். இதை வாசித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது, பிறகு அந்த ஆறுதலே கஷ்டமாகவும் இருந்தது. அன்றைக்கு நானா லீவில் நின்றிருந்தால்? நான் நல்ல மனுஷிதான், பதினைந்து வருட சேவை எனக்கு. அவ்வளவும் சேர்ந்து ஒரு “சரி சேர்” ஐத் தடுக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஆள் கதைக்க வேண்டியிருந்தது.

அடுத்த வருட இடமாற்றத்தில் நானா தூரத்து அலுவலகம் ஒன்றுக்குப் போனார். கடிதத்தில் வழமையான வசனம்தான், “சேவைத் தேவை கருதி”. அவருடைய முறை வந்தே போனார் என்கிறார்கள் சிலர். வேறு மாதிரிச் சொல்கிறவர்களும் உண்டு. போகிற அன்று, “அதனாலயா நானா?” என்று கேட்டேன். “விடுங்க மிஸ், அங்கயும் அலுவலகம்தானே” என்று சிரித்தார்.

இப்போது எனக்குக் கீழேயும் ஐந்தாறு பிள்ளைகள் வேலை செய்கிறார்கள். நான் எது சொன்னாலும் எழுத்தில் கேளுங்கள், காரணம் கேளுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். எல்லோரும் “சரி மிஸ்” என்றார்கள். போன மாதம் ஒரு விண்ணப்பத்தை நிறுத்தி வைக்கச் சொன்னேன். அதில் ஒரு பிள்ளை, “ஏன் மிஸ், எந்தச் சுற்றறிக்கைப்படி?” என்று கேட்டாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வெளியே காட்டவில்லை என்றுதான் நினைக்கிறேன். சுற்றறிக்கையைத் தேடி எடுத்து அவள் மேசையில் வைத்தேன். அதன் பிறகு அவள் என்னிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.