1024 என்று மட்டும் அடித்த இரவு

ஒரே டேபிளிலிருந்து 5 கோடி பழைய வரிகளை டெலீட் செய்திருந்தோம். மிச்சம் இருந்தது கையால் ஒரு வேக்யூம் (டெலீட் ஆன வரிகள் பிடித்திருக்கும் இடத்தை விடுவிக்கும் வேலை) ஓட்டுவது மட்டும்தான். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், பதிப்பு 15. இந்த மாதிரிப் பராமரிப்பு வேலைகளுக்கான நினைவக வரம்பு, மெயின்டெனன்ஸ் ஒர்க் மெம், தொடக்கத்தில் வரும் 64 எம்பியிலேயே கிடந்தது. கூட்டி வைத்தால் சீக்கிரம் முடியுமே என்று செட் கட்டளையில் 1024 என்று அடித்தேன். வேக்யூமைத் தட்டிவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

இரண்டு மணி நேரம் கழித்து எட்டிப் பார்த்தால் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. வேக்யூம் முன்னேற்றத்தைக் காட்டும் வியூவில் இண்டெக்ஸ் வேக்யூம் கவுண்ட் 41, அதாவது இண்டெக்ஸ்களை (வரிகளைச் சீக்கிரம் தேட உதவும் பட்டியல்கள்) 41 முறை துடைத்து முடித்திருக்கிறது! பயமாகிவிட்டது. செத்த வரி, அதாவது டெலீட் ஆன வரி, ஒவ்வொன்றின் முகவரியையும் குறித்துவைக்க இந்தப் பதிப்பில் 6 பைட் வேண்டும். நினைவகம் நிரம்பியதும் வேக்யூம் போய் எல்லா இண்டெக்ஸையும் முழுதாகப் படித்துத் துடைத்துவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்ப வரும். 64 எம்பி இருந்தால் ஒரு சுற்றுக்கு 1 கோடியே 11 லட்சம் வரிகள். மொத்தம் 5 சுற்றில் முடிந்திருக்க வேண்டும். கூட்டிய பிறகு எப்படி 41?

அடித்திருந்த செட் கட்டளையை மறுபடி பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். 1 எம்பி! யூனிட் எழுதாவிட்டால் அது கிலோபைட். அந்தப் பதிப்பில் குறைந்தபட்ச மதிப்பே 1024 கிலோபைட் என்பதால் எந்த எதிர்ப்பும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. 512 என்று அடித்திருந்தால் பிழை காட்டியிருக்கும். எம்பியைச் சிறிய எழுத்தில் போட்டிருந்தாலும் திட்டியிருக்கும். ஒரு சுற்றுக்கு 1.74 லட்சம் வரி என்றால் கிட்டத்தட்ட 286 சுற்று. விடிந்து மதியம் ஆனாலும் முடிந்திருக்காது.

ஓடுகிற வேக்யூமுக்கு நடுவில் நினைவகத்தைக் கூட்ட வழியில்லை. நிறுத்தினேன். முடிந்த சுற்றுகளின் பலன் வீணாகாது என்பது ஒரு ஆறுதல். இம்முறை 1 ஜிபி என்று யூனிட்டோடு கொடுத்து, ஷோ கட்டளையில் மதிப்பைப் பார்த்து உறுதிசெய்துவிட்டு, விவரங்களைக் காட்டும் வெர்போஸுடன் ஓட்டினேன். அரை மணி நேரத்துக்குள் முடிந்தது. இண்டெக்ஸ் ஸ்கேன்: 1.

இதோடு விட்டிருக்கலாம். அந்தச் சந்தோஷத்தில் 1 ஜிபியைக் கான்ஃபிக் ஃபைலிலும் எழுதி ரீலோட் செய்தேன். தானாகவே பின்னணியில் ஓடும் ஆட்டோவேக்யூமின் நினைவக வரம்பு, ஆட்டோவேக்யூம் ஒர்க் மெம், தொடக்கத்தில் மைனஸ் 1. அப்படியென்றால் அதுவும் இதே மதிப்பை எடுத்துக்கொள்ளும். ஆட்டோவேக்யூம் ஒர்க்கர்கள் 3. நான் பெரிய இண்டெக்ஸ் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த நேரம் பார்த்து மூன்றும் பெரிய டேபிள்களில் கைவைத்தன. 8 ஜிபி சர்வர் தாங்கவில்லை. நினைவகம் தீர்ந்ததால் லினக்ஸ் போஸ்ட்கிரெஸின் ஒரு பேக்எண்ட் ப்ராசஸைக் கொன்றது. உடனே எல்லா இணைப்புகளும் அறுந்து, டேட்டாபேஸ் ரெக்கவரிக்குப் போய் எழுந்தது. அதற்கான விளக்கக் கடிதம் எழுதியதும் நான்தான்.

இப்போது ஆட்டோவேக்யூமுக்குத் தனியாக 256 எம்பி. கான்ஃபிக்கில் பொது மதிப்பு பழையபடி 64 எம்பி. பெரிய வேலை வந்தால் அந்த செஷனில் (அந்த ஒரு இணைப்பில்) மட்டும் கூட்டிக்கொள்கிறேன், அதுவும் கணக்குப் போட்டு: 5 கோடி வரிக்கு 300 எம்பி போதும். வேக்யூமுக்காக 1 ஜிபிக்கு மேல் வைத்துப் பயனில்லை. பதிப்பு 16 வரை அதற்கு மேல் வேக்யூம் தொடாது, இண்டெக்ஸ் கட்டும்போதுதான் கூடுதல் உதவும். 17இல் அந்த வரம்பும் போய், முகவரிகளைச் சுருக்கமாகச் சேமிக்கும் முறையும் வந்துவிட்டது. அப்கிரேடுக்கு அனுமதி கேட்டிருக்கிறேன், பார்ப்போம்.