பெண்ணையாற்றங்கரையில் ஒரு பகல்

தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்கு எத்தனையோ முறை பேருந்தில் சென்றிருந்தும், காரிமங்கலத்தைக் கடந்ததும் வரும் காவேரிப்பட்டணத்தில் இறங்கி ஆற்றைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. சென்ற ஞாயிற்றுக்கிழமை அம்மாவுடன் அதற்கென்றே புறப்பட்டேன். அது அவர் பிறந்து வளர்ந்த ஊர்.

பெயரில்தான் காவேரி இருக்கிறது. ஊரைத் தொட்டு ஓடுவது தென்பெண்ணை. கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையையும், பின்னர் கிருஷ்ணகிரி அணையையும் கடந்து இங்கே வரும் ஆறு, சாத்தனூர் வழியாகச் சென்று கடலூர் அருகே கடலில் கலக்கிறது.

இந்தச் சிறிய ஊருக்காக ஒரு காலத்தில் படைகள் மோதின என்பதை இன்றைய கடைவீதியில் நின்றுகொண்டு நம்புவது கடினம். பாராமகால் என்று அழைக்கப்பட்ட இந்நிலப்பகுதி மைசூருக்கும் கீழேயுள்ள தமிழகச் சமவெளிக்கும் இடையில் இருந்ததால், செங்கம் கணவாய் வழியாக வருகிற எந்தப் படைக்கும் இங்குள்ள கோட்டைகள் தேவைப்பட்டன. 1767-இல் முதல் மைசூர்ப் போர் தொடங்கியபோது, ஆங்கிலேயர் வசமிருந்த காவேரிப்பட்டணக் கோட்டையை ஹைதர் அலி முற்றுகையிட்டுக் கைப்பற்றினார்; அதையடுத்தே செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் சண்டைகள் நடந்தன. 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு பாராமகால் முழுவதும் கும்பினியார், அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார், கைக்குப் போயிற்று. இவ்வளவு நடந்த ஊரில், அக்கோட்டையைப் பற்றிச் சொல்லும் ஒரு கல்வெட்டுப் பலகைகூட என் கண்ணில் படவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தந்தது.

வெயில் ஏறுமுன் பெண்ணேஸ்வரமடம் சென்றோம். ஆற்றின் பெயரையே தாங்கி நிற்கும் பெண்ணேஸ்வரர் கோயிலின் சுவர்களில் சோழர் காலத்து எழுத்துகளும் போசளர் (ஹொய்சாளர்) காலத்து எழுத்துகளும் உள்ளன. ஆட்சிகள் மாறியும் அதே சுவரில் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள்.

பிற்பகலில் ஆற்றங்கரைக்கு வந்தோம். மாசி மாதத்தில், சிவராத்திரியை ஒட்டி அங்காளம்மனுக்கு மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கும்போது கரையில் கால் வைக்க இடமிருக்காது என்று அம்மா சொன்னார். தம் சிறு வயதில் மணலில் ஊற்றுத் தோண்டி, தெளிந்த நீரைச் சொம்பால் மொண்டு குடத்தில் நிரப்பியதாகவும் சொன்னார். பெங்களூரின் கழிவுகள் கலந்து, கெலவரப்பள்ளியில் நுரை பொங்க வரும் இதே ஆற்றைப் பற்றித்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார் என்பதை என்னால் மறக்க முடியவில்லை.

திரும்பும் முன் கடைவீதியில் இவ்வூருக்கே பெயர் வாங்கித் தந்த, தட்டை போன்ற பலகாரமான நிப்பட்டு இரண்டு பொட்டலம் வாங்கினோம். பேருந்து பாலத்தின் மேல் ஏறியபோது, நான் கேட்காமலேயே அம்மா சன்னலோர இருக்கைக்கு மாறி, ஆறு கண்ணிலிருந்து மறையும்வரை கீழே பார்த்துக்கொண்டு வந்தார்.